நாற்பது வாட் பல்பும் ஒரு மலைப்பாம்பும்

அத்தியாயம் 5

ஈசூனில் அந்த அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்றே மாடிகளில்தான் நிற்கும். நான்காம் மாடிக்குப் போகிறவர்கள் ஐந்தில் இறங்கி ஒரு மாடி கீழே நடக்க வேண்டும். காதர் மைதீனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

“பதினோரு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தேன் மேடம். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இறக்கிவிட்டா ஜனங்க என் சட்டையைப் பிடிப்பாங்க. இந்த லிஃப்டை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கிறதில்ல.”

“லிஃப்ட் பதில் பேசாது. அதனாலதான் அது இன்னும் வேலையில இருக்கு, நீ இல்ல,” என்றார் அந்தோனியம்மாள்.

காதருக்கு வேலை போனதற்குக் காரணம் அவன் வாய் இல்லை. ஓட்டுநரே டிக்கெட் கொடுக்கும் பஸ்கள் வந்ததுதான். ஆனால் அதை அந்தோனியம்மாளிடம் விளக்குவதும் சுவரிடம் விளக்குவதும் ஒன்று. சுவராவது குறுக்கே பேசாது. பத்தொன்பது வருடம் பெண்கள் சிறையில் வார்டராக இருந்துவிட்டு, பஃப்ளோ ரோட்டில் மிளகாய் அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். வருகிற சாட்சிகள் ஐந்தாவது நிமிடத்தில் கண்ணீர் விட்டு உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அது மனசாட்சியா மிளகாயா என்று காதர் இதுவரை ஆராய்ந்ததில்லை.

இன்று காலை அந்தப் படியேறி வந்த அன்னம்மா மட்டும் அழவில்லை. மேசையில் ஒரு தாளை வைத்தாள். அறுபத்திரண்டு கையெழுத்துகள் கொண்ட மனுவின் நகல்.

அவள் கணவன் தங்கராஜு ஒரு பாம்புத்தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். குளித்தாலும் போகாத ஒரு நாற்றம் அவரோடு வீட்டுக்கு வரும். அதனாலேயே புளோக்கில் அவரோடு யாரும் சேர்ந்து மின்தூக்கியில் ஏறுவதில்லை. போன வியாழக்கிழமை ஒரு மலைப்பாம்பு பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் சமையலறைக்குள் வந்து, கூண்டிலிருந்த பேசும் மைனாவை விழுங்கிவிட்டு மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை தங்கராஜுவின் வாசலில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், பாம்பு வளர்க்கத் தயார் செய்த ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. சாயங்காலமே மனு தயார். நான்காம் மாடியில் பாம்பு வளர்த்தவரின் வீட்டை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் மனு. இன்று நான்கு மணிக்கு வீடமைப்பு அதிகாரி வந்து வாங்கிக்கொள்கிறார்.

“ஆறு வருஷம் காத்திருந்து கிடைச்ச வீடு மேடம். எங்க வீட்டுக்காரருக்கு வாய் கெட்டது. உண்மையைச் சொன்னாலும் திட்டுற மாதிரித்தான் கேக்கும். நீங்க கொஞ்சம் நல்லபடியா சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு அன்னம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

யாரிடம் வந்து நல்லபடியாகப் பேசச் சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது மணி இரண்டு ஐம்பது.

நான்காம் மாடி நடைபாதையில் முப்பது பேர் நின்றார்கள். நடுவில் தங்கராஜுவின் வாசல். வாசலில் டப்பா. டப்பாவுக்குக் காவலாக, கையில் ஒலிபெருக்கியோடு, புளோக் கமிட்டிச் செயலாளர் எட்மண்ட். இரண்டடி தள்ளி நிற்பவரிடமும் அவர் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

“யார் நீங்க? இது புளோக் விவகாரம்!”

அந்தோனியம்மாள் காதைத் துடைத்துக்கொண்டார். “அந்தோனியம்மாள். துப்பறியும் நிபுணர். இவன் என் உதவியாளன்.”

“பாம்பு பிடிக்கிறவங்களா?”

“பாம்பைப் பார்த்தா ஓடுறவங்க,” என்றான் காதர். “மனுஷங்களைத்தான் பிடிப்போம்.”

கூட்டத்தை இடித்துக்கொண்டு ரத்தினம்மா முன்னால் வந்தார். கையில் வெறும் கூண்டு. இரண்டு கம்பிகள் வளைந்திருந்தன. “என் மைனா நாலு மொழி பேசும். காலையில ‘டீ போட்டாச்சா’ன்னு கேக்கும். இந்த ஆளு வளர்த்த பாம்பு அதைத் தின்னுடுச்சு. நீங்க இந்த ஆளுக்குப் பேச வந்தீங்களா?”

“உங்க மைனா என்னைப் பார்த்து ‘நாத்தம் நாத்தம்’னு நாலு மொழியிலயும் சொல்லும்,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு சொல்லிக் கொடுத்தது? அதுவா காலேஜுல போய்ப் படிச்சிச்சு?”

தங்கராஜு வெளியே வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, பனியனும் கைலியும். அந்தோனியம்மாளை மேலும் கீழும் பார்த்தார். “என் சம்சாரம் அனுப்பிச்ச ஆளுங்களா? வேற வேலை இல்ல அவளுக்கு. நான் செய்யலன்னு சொல்லிட்டேன். நம்பாதவன் நம்ப வேணாம். போங்க.”

“போறோம்,” என்றார் அந்தோனியம்மாள். “நாலு மணிக்கு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு ஓரமா நில்லுங்க.”

தங்கராஜு ஓரமாக நின்றார். அவரை யாரும் இப்படி மரியாதையோடு அதட்டியதில்லை போலிருக்கிறது.

அந்தோனியம்மாள் டப்பாவின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூன்றடி நீளம். மங்கலான வெள்ளை. மூடியைப் பூட்ட நான்கு பக்கமும் கொக்கி. அதில் ஒன்று உடைந்திருந்தது. உள்ளே ஆங்கிலச் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், கவிழாதபடி கனமான கண்ணாடி. நடுவில் பாம்பு ஒளிந்துகொள்ள, வாசல் வெட்டிய ஒரு பிஸ்கட் டின். எதிர் மூலையில், பாம்பு சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக் கூடைக்குள், ஒரு நாற்பது வாட் பல்பு. பக்கவாட்டில் இரண்டு வரிசையாகக் காற்றுத் துளைகள்.

“எங்க முதல் வீட்டை விட வசதியா இருக்கே,” என்றான் காதர். “எனக்கு விளங்கிடுச்சு மேடம்.”

“சொல்லு.”

“இதுல பாம்பே இருந்ததில்ல. யாரோ வெள்ளைக்காரன் புத்தகத்தைப் பார்த்து ஜோடிச்சிருக்காங்க. அவன் ஊர்ல பனி பெய்யுது, பாம்புக்குக் கதகதன்னு பல்பு வேணும்னு எழுதியிருப்பான். ஈசூன்ல எதுக்குலா பல்பு? எனக்கே வேர்த்து ஊத்துது. புத்தகத்தைப் பார்த்து டப்பா செஞ்சு இவர் வாசல்ல வெச்சு மாட்டிவிட்டிருக்காங்க. இங்கிலீஷ் பேப்பர் வேற. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷை உன்கிட்ட பேசினா நீ அழுவ,” என்றார் தங்கராஜு.

காதர் மனதுக்குள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான். மூன்று நிமிடத்தில் வழக்கு முடிந்தது. இப்படி அவனுக்கு வருடத்தில் நாலைந்து முறை நடக்கும். ஒரு தடவையும் சரியாக இருந்ததில்லை.

“விரலை உள்ள விட்டு அந்தத் துளைங்களைத் தடவிப் பாரு,” என்றார் அந்தோனியம்மாள்.

காதர் தடவினான். பிறகு வெளிப்பக்கம் தடவினான். “ஆ!” விரலில் ரத்தப் பொட்டு. “வெளியில முள்ளு முள்ளா இருக்கு. உள்ள வழவழன்னு இருக்கு.”

“சுட்ட கம்பியை உள்ளேயிருந்து வெளியே குத்தியிருக்காங்க. உருகின பிளாஸ்டிக் வெளிப்பக்கம் போய் முள்ளா நிக்குது. போதாதுன்னு உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. ஒவ்வொரு துளையையும். எத்தனை துளை?”

“நாப்பத்தெட்டு.”

“சும்மா ஜோடிக்கிறவன் நாப்பத்தெட்டு துளையை உக்காந்து தேய்ப்பானா? இங்க பாம்பு இருந்துச்சு. அதுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாதுன்னு யாரோ பாடுபட்டிருக்காங்க.”

தங்கராஜு ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். தொழில் புத்தி அவரை விடவில்லை. “நல்ல வேலை. தோலோட அருமை தெரிஞ்சவன் செஞ்சது. உள்ள முள்ளு இருந்தா வயித்துத் தோல் கிழிஞ்சிரும். அப்புறம் அந்தத் தோல் எதுக்கும் ஆகாது.”

எட்மண்ட் ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

“கேட்டீங்களா!” ஒலிபெருக்கி முழங்கியது. “தோலோட அருமை தெரிஞ்சவன்! இந்தப் புளோக்குல அது யாரு? அவரே சொல்லிட்டாரு!”

முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ ‘நாலு மணி வரைக்கும் எதுக்கு, இப்பவே சாமானை வெளிய போடுங்க’ என்றார்கள். தங்கராஜு பதிலுக்கு நான்கு மொழியில் திட்டினார். மைனா இருந்திருந்தால் குறித்துக்கொண்டிருக்கும்.

காதர் தன் முதலாளியின் காதின் அருகே குனிந்தான். “மேடம், நாம யாரு கட்சின்னு ஒருதடவை ஞாபகப்படுத்திக்கலாமா? வந்து பத்து நிமிஷத்துல அவரைத் தூக்குல போட்டுட்டீங்க.”

“வாயை மூடு. உள்ள போய் அவங்க ஃபிரிட்ஜ்ல மாஜரின் இருந்தா எடுத்துட்டு வா.”

“ரொட்டியும் வேணுமா?”

“காதர்.”

மாஜரின் வந்தது. அந்தோனியம்மாள் அதில் ஒரு கட்டியை வெட்டி, பல்புக்கு எதிர் மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார். பல்பின் ஒயரைத் தங்கராஜுவின் வீட்டு மின்சாரத்தில் செருகி மூடியைப் போட்டார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன இது?” என்றார் எட்மண்ட்.

“இருபது நிமிஷம் பொறுங்க. ஒலிபெருக்கிக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்க.”

இருபது நிமிடம் பகையோடு சும்மா நிற்பது சுலபமில்லை. ஐந்தாவது நிமிடம் ஜனங்கள் தங்கராஜுவைத் திட்டி முடித்தார்கள். பத்தாவது நிமிடம் ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்தார்கள். எட்மண்ட் வியாழன் ராத்திரியே எல்லா வீட்டையும் சோதனை போடப் போவதாக அறிவித்ததையும், வெள்ளிக்கிழமை காலை டப்பா கிடைத்ததால் அதற்குத் தேவையே இல்லாமல் போனதையும் தன் சாதனையாகச் சொன்னார்.

“அதாவது,” என்றார் அந்தோனியம்மாள், “விடிஞ்சா சோதனைன்னு ஊரெல்லாம் தெரியும். அப்ப ஒருத்தர் தன் டப்பாவை எடுத்துத் தன் வாசல்லயே வெச்சுக்கிட்டாரு.”

“முட்டாள்னா அப்படித்தான்!”

“உன் புருஷன்தான் முட்டாள்,” என்றார் தங்கராஜு கூட்டத்தில் யாரையோ பார்த்து. எட்மண்டுக்கு அது பதில் இல்லை. ஆனால் தங்கராஜுவுக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்று இருபதுக்கு அந்தோனியம்மாள் மூடியைத் திறந்தார். அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. மாஜரின் கட்டியைக் காணோம். செய்தித்தாளில் மஞ்சளாக ஒரு எண்ணெய்க் குளம்.

“பல்புக்குத் தூரமா இருக்கிற மூலை இது. பாம்பு குளுமைக்குப் படுக்கிற இடம். இங்கேயே இந்த நிலைமை. இந்த வீட்டுல, இந்தப் புளோக்குல, இந்த வெயில்ல இதுக்குள்ள ஒரு பாம்பு ஒரு நாள் இருந்தா என்ன ஆகும்?”

“சூப்,” என்றான் காதர்.

தங்கராஜு குனிந்து டப்பாவைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “நாப்பத்தெட்டு துளையைத் தேய்ச்சவன் இந்தப் பல்பை மாட்ட மாட்டான். அவ்வளவு அக்கறை உள்ளவன் இதை வேக வைக்க மாட்டான்.”

“மாட்டியிருக்காங்க. பாம்பும் நல்லாத்தான் இருந்துச்சு. மைனாவை முழுங்குற அளவுக்கு.”

“அப்போ எப்படிம்மா?”

காதர் யோசித்தான். யோசிக்கும்போது அவன் வாய் திறந்திருக்கும். “ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சு வளர்த்தாங்களா?”

அவனே சிரித்தான். அந்தோனியம்மாள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“இன்னிக்கு முதல் தடவையா உருப்படியா பேசியிருக்க,” என்று எழுந்தார் அவர். “எல்லாருக்கும் ஒரு கேள்வி. இந்தப் புளோக்குல எத்தனை வீட்டுல, ரூமைக் குளிராக்குற ஏர்கோன் இருக்கு?”

 ரத்தினம்மா வெடித்தார்.

“ஒரே வீடு! என் தலைக்கு மேல இருக்கிற வீடு! மூணு வருஷமா அந்த ஏர்கோன் தண்ணி என் துணி காயப்போடுற கழியில சொட்டிக்கிட்டிருக்கு. எத்தனை தடவை சொல்லிட்டேன்! கமிட்டிக்குக் கடிதம் எழுதுங்கன்னாரு. எழுதினேன். கமிட்டியே அவருதான்!”

முப்பது தலைகள் எட்மண்டின் பக்கம் திரும்பின.

எட்மண்ட் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.  கீழே இறக்கினார்.

“அது... என் சம்சாரம் கேக் செய்றா. கல்யாணக் கேக். வெயில்ல ஐசிங் உருகிடும். ஃபாதருக்கே தெரியும். இந்தப் பக்கத்துல எந்தக் கல்யாணத்துக்கும் ஜோசபின் கேக்தான்!”

“ஜன்னல்?” என்றார் அந்தோனியம்மாள்.

“எந்த ஜன்னல்?”

“ஏர்கோன் இருக்கிற ஜன்னலுக்கு நேர் கீழே எந்த ஜன்னல்?”

“என் சமையலறை,” என்றார் ரத்தினம்மா.  “ஐயோ... தண்ணி மாதிரியே அதுவும் மேலேயிருந்துதான் வந்துச்சா?”

ஐந்தாம் மாடிக்கு ஏறிப் போகும்போது எட்மண்ட் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார். தான் பதினாறு வருடம் பொதுச்சேவை செய்தவர், மனுவை எழுதியதே தான், பாம்பு வளர்க்கிறவன் பாம்புக்கு எதிராக மனு எழுதுவானா, இது அவதூறு, வக்கீல், போலீஸ். வீட்டு வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

“அந்தக் கேக் ரூமை மட்டும் திறக்க முடியாது. நாளைக்கு ஒரு கல்யாணம். கதவைத் திறந்தா சூடு உள்ள போயிடும். நானே மூணு வருஷமா உள்ள போனதில்ல!”

“மூணு வருஷமா?” என்றான் காதர். “சொந்த வீட்டுல ஒரு ரூம் உங்களுக்கு ஸ்டாப் இல்லையா?”

“திறக்காட்டி பரவாயில்ல,” என்றார் அந்தோனியம்மாள். “நாலு மணிக்கு அதிகாரி வருவாரு. செயலாளர் ஒரு ரூமைத் திறக்க மறுத்துட்டாருன்னு சொல்றேன்.”

அதற்குள் ரத்தினம்மா எட்மண்டின் இடுப்பில் கூண்டால் ஒரு குத்து விட்டார். எட்மண்ட் விலகினார். விலகியவர் ரோஷத்தோடு தானே போய்க் கதவைத் தள்ளினார். “பாருங்க! நல்லா பாருங்க! பார்த்துட்டு எல்லாரும் என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

உள்ளே மார்கழி மாதம். காதரின் கைமயிர் சிலிர்த்தது. அறையின் நடுவே, தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி போர்த்திய நீள மேசை. அதன்மேல் மூன்றடுக்குக் கேக். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி முதுகைக் காட்டி நின்று, மேலடுக்கில் கிரீம் ரோஜாக்களைப் பிழிந்துகொண்டிருந்தாள். இத்தனை பேர் நுழைந்தும் அவள் திரும்பவில்லை.

“கதவைச் சாத்துங்க,” என்றாள் ஜோசபின்.

சாத்தினார்கள். உள்ளே வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் கூடத்தில் நெருக்கியடித்தார்கள்.

காதர் சுற்றிப் பார்த்தான். கூரையில் வெள்ளை டியூப் லைட். அலமாரியில் மாவு, சீனி, வண்ணப் புட்டிகள். பாம்பு இல்லை. எட்மண்டின் மார்பு மெல்ல விரிய ஆரம்பித்தது. ஒலிபெருக்கி உதட்டை நோக்கி உயர்ந்தது.

அப்போதுதான் காதர் தரையைப் பார்த்தான். அறை முழுக்க வெளிச்சம் வெள்ளை. மேசைத் துணியின் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள்.

“மேடம்,” என்றான்.  “மேசைக்கு அடியில யாரோ லைட்டைப் போட்டுட்டு இருக்காங்க.”

எட்மண்ட் குனிந்தார். துணியைத் தூக்கினார். மூன்றடி டப்பா. உள்ளேயிருந்து வழவழப்பாகத் துளைத்த பக்கங்கள். கம்பிக் கூடைக்குள் நாற்பது வாட் பல்பு. அதன் கதகதப்பில், நடுவயிற்றில் ஒரு மைனா அளவு வீக்கத்தோடு, ஆறடி மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது.

எட்மண்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஜோசி... இது... யாரு கொண்டுவந்து...”

“நான்தான்,” என்றாள் ஜோசபின். கடைசி ரோஜாவை முடித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். “மூணு வருஷம் ஆச்சு. எதிர்ல கட்டடம் கட்ட மண்ணைத் தோண்டினாங்களே, அப்போ கால்வாயில கிடந்துச்சு. என் கையளவுதான் இருக்கும்.”

“மூணு வருஷமா எனக்குத் தெரியாம? பேரு வெச்சுக் கொஞ்சினியா?”

“பேரு வெக்கல. பேரு வெச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா உங்களுக்குக் கேட்டுடும்.” அவள் கணவனை நிதானமாகப் பார்த்தாள். “இந்த வீட்டுல நான் வாயைத் திறந்தா நீங்க அதுக்கு மேல பேசுவீங்க. இது பேசாது. அது ஒண்ணு போதும் எனக்கு.”

“டப்பாவோட கொக்கி உடைஞ்சுது,” என்றார் அந்தோனியம்மாள்.

“ஆமா. ஜன்னல் வழியா இறங்கிடுச்சு. விடியக்காலம் ஏர்கோனுக்குக் கீழ சுருண்டு கிடந்தது. கையை விட்டு இழுத்துக்கிட்டேன். இவரு வீடு வீடா சோதனைன்னு கத்திட்டு வந்தாரு. செயலாளர் வீடுன்னு நம்ம வீட்டை விடமாட்டாரு, முதல்ல இங்கதான் ஆரம்பிப்பாரு, பேருக்காக. எங்கேயாவது ஒரு டப்பா கிடைச்சாத்தான் சோதனை நிக்கும். அதான் இதை இன்னொரு டப்பாவுக்கு மாத்திட்டு, உடைஞ்சதைக் கொண்டுபோய் வெச்சேன்.”

“அறுபது வாசல் இருக்கே. ஏன் அந்த வாசல்?”

 கதவருகே தங்கராஜு நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி, எப்போதும்போல, இரண்டடிக்கு யாருமில்லை.

“சொல்லும்மா,” என்றார் அவர். “ஏன் என் வாசல்?”

“அங்க வெச்சா,” என்றாள் ஜோசபின், தரையைப் பார்த்துக்கொண்டு, “யாரும் அதுக்கு மேல கேள்வி கேக்க மாட்டாங்கன்னு தெரியும்.”

“கேக்கல,” என்றார் தங்கராஜு. “ஒருத்தர்கூட கேக்கல.”

காதருக்கு இந்த இடத்தில் சொல்ல ஒரு நகைச்சுவையும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தான். இல்லை.

முதலில் வாய் திறந்தவர் ரத்தினம்மா. “மனு எங்கே? எடுங்க அந்த மனுவை! நாலாம் மாடின்னு இருக்கிறதை அஞ்சாம் மாடின்னு மாத்துங்க! பாம்பும் வளர்த்து, மனுவும் எழுதி, தண்ணியும் சொட்ட விடுவாங்களா? வீட்டை எடுக்கட்டும்!”

கூடத்தில் ஆமோதிக்கும் சத்தம் கிளம்பியது. பத்து நிமிடத்துக்கு முன்னால் தங்கராஜுவுக்காகத் தயாராக வைத்திருந்த கோபம் அப்படியே இருந்தது. முகவரி மட்டும்தான் மாறியது. யாரோ பேனா நீட்டினார்கள். எட்மண்ட் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். மனு அதில்தான் இருந்தது. அவர் கண்கள் முதல்முறையாகத் தன் மனைவியின் முகத்தைத் தேடின.

மணி மூன்று நாற்பத்திரண்டு.

தங்கராஜு மேசையருகே வந்தார். குனிந்து டப்பாவின் மூடியைத் திறந்தார். காதர் மேடத்துக்குப் பின்னால் போய் நின்றான். தங்கராஜு ஒரு கையைப் பாம்பின் தலைக்குப் பின்னாலும் மறு கையை அந்த வீக்கத்துக்கு அடியிலும் கொடுத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அது அவர் தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றி, முழங்கையில் தலை வைத்துக்கொண்டது.

அறையில் இருந்தவர்கள் சுவரோடு சுவரானார்கள்.

“மனுவை எடுங்க,” என்றார் எட்மண்டிடம்.

எட்மண்ட் எடுத்தார். மடிப்பைப் பிரித்தார்.

“கேக்குக்குப் பக்கத்துல வைங்க. பேனாவையும் வைங்க.” தங்கராஜு கூட்டத்தைப் பார்த்தார். “இதுல நாலும் எழுத வேணாம், அஞ்சும் எழுத வேணாம். கையெழுத்துப் போட்டவங்க ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க கையெழுத்தை அடிச்சிட்டுப் போங்க. அறுபத்திரண்டும். கையெழுத்து இல்லாத தாளை அதிகாரி வாங்கிட்டுப் போய் என்ன செய்யப் போறாரு?”

“அப்போ இவங்களை விட்டுடுறதா?” என்றார் ரத்தினம்மா.

“இவங்க மேல எனக்கு ஒரு அக்கறையும் இல்ல. என் பேரை நினைச்சுப் போட்ட கையெழுத்து ஒண்ணுகூட இருக்கக்கூடாது. அவ்வளவுதான். வர்றீங்களா, நான் இதோட உங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கட்டுமா?”

பாம்பு சோம்பலாக நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. வரிசை, யாரும் சொல்லாமலே, உருவானது.

அந்தோனியம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “காதர், கீழே போய் விலங்குத் தோட்டத்துக்குப் போன் போடு. ஒரு வண்டி வரச் சொல்லு.”

“இதோ மேடம்,” என்றான் காதர். நகரவில்லை. இதைப் பார்க்காமல் போவது அவனால் ஆகாது.

முதல் கையெழுத்து எட்மண்டுடையது. அவர் வந்தார். பாம்பின் தலை ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் கோடு போட்டார்.

“அழுத்திப் போடுங்க,” என்றார் தங்கராஜு. “போட்டப்போ நல்லாத்தானே அழுத்தினீங்க.”

எட்மண்ட் அழுத்திப் போட்டார். தாள் கிழிந்தது.

இரண்டாவது கையெழுத்து ஜோசபினுடையது. செயலாளரின் மனைவி கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா? பேனாவை எடுத்தவள், அடிக்காமல் நின்றாள். கண் பாம்பின் மேலேயே இருந்தது.

“இதை எங்க கொண்டுபோவாங்க?”

“கேட்டியே. விலங்குத் தோட்டத்துக்கு.”

“உங்க ஃபேக்டரிக்கு இல்லையே?”

தங்கராஜு அவளைப் பார்த்தார். “என்னைப் பத்தி உனக்கு இப்பவும் அந்த நினைப்புத்தான். இல்ல?”

அவள் தலை தாழ்ந்தது. தங்கராஜு முழங்கையைச் சற்றே அவள் பக்கமாகத் தாழ்த்தினார். அவள் ஒரு விரலால் அந்தத் தலையை ஒருமுறை தொட்டாள். பிறகு தன் பெயரின் மேல் கோடு போட்டாள், நேராக, அழுத்தி.

“அடுத்த ஆளு,” என்றார் தங்கராஜு.